காத்திருந்த நேரம் யார் கணக்கில்

கண்ணு,

இது வந்து சேரும்போது நீ ஆபீஸ் பஸ்ஸில் இருப்பாய், இல்லையென்றால் ஏதாவது மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். எங்கே இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போன் செய். பாதியில் செய்தால் எடுக்க மாட்டேன். எடுத்துத்தான் என்ன ஆகப்போகிறது? நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நீ மாத்திரை போட்டாயா என்று கேட்டு, போட்டாச்சு என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டு, சரிம்மா ரெஸ்ட் எடு என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாதம் வந்து என் நாக்கைப் பிடித்துக்கொண்டதே தவிர விரல்களை விட்டுவைத்திருக்கிறது. வலது கை கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான். ஸ்ரீராம்புரம் வீட்டு மாடி அறையில் உன் பழைய மேஜைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அடிக்கிறேன். கீழே உன் அப்பா தண்ணீர் பிடிக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். படித்துக் காட்டச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில், நந்தினி வீட்டில் நடந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீயும் அவளும் நீங்களாகவே பேசிப் பழகி முடிவு செய்த கல்யாணம் இது. பெரியவர்கள் எங்கள் வேலை வெற்றிலை பாக்கு மாற்றி நாள் குறிப்பதுதான். அந்தச் சின்ன வேலைக்குள் நீ என் பெயரில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் தன் வாழ்க்கையில் ஒரு பெரிய காரியத்தை விட்டுவிடப் பார்க்கிறாள். அங்கே வருவதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த விஷயம்தான், உன் தொழிலும் அதுதான். தெரிந்ததை மறந்தவனுக்குத்தான் திரும்பச் சொல்ல வேண்டும்.

அடுகோடியில் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னை அங்கே கூட்டிப் போய் உட்கார வைப்பேன், நீ ஏசி காற்றுக்குக் கீழே தூங்கிவிடுவாய். அங்கே என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் "ஸ்பீடு பார்க்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர் வந்து உங்கள் புரோகிராம் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று கத்துவார். புதிய சர்வர் வாங்கலாமா, எழுதினவனை மாற்றலாமா என்று மேலே இருப்பவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். நான் அந்த புரோகிராமை ஓடவிட்டு இரண்டு கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று சுவரில் மாட்டியிருக்கிற சாதாரண கடிகாரம், ஆரம்பித்ததிலிருந்து முடியும் வரை எவ்வளவு நேரம் போயிற்று என்று அது சொல்லும். இன்னொன்று அந்த புரோகிராம் பிராசஸரை உண்மையில் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது என்று சிஸ்டம் தனியாக எழுதி வைக்கிற நேரம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. கடிகாரப்படி அரை மணி நேரம் ஓடியிருக்கும், பிராசஸர் நேரத்தைப் பார்த்தால் அரை நிமிஷம்கூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் அது காத்திருந்திருக்கிறது. டிஸ்க் பதில் சொல்வதற்கு, நெட்வொர்க் வருவதற்கு, யாரோ பிடித்து வைத்திருக்கிற ஃபைலை விடுவதற்கு. காத்திருக்கிற புரோகிராமின் கணக்கில் பிராசஸர் நேரம் ஏறாது. அதன் மேல் தப்பும் கிடையாது. போய் டிஸ்க்கைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

எங்கள் ஆபீஸில் சீனிவாசன் என்று ஒருவர் இருந்தார், கெட்டிக்காரர், பொறுமை மட்டும் கிடையாது. ஸ்கிரீனில் கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் புரோகிராம் தொங்கிவிட்டது என்று முடிவு கட்டி அதைக் கொன்றுவிடுவார். ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கையிருப்பை ஏற்றுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்திவிட்டார். அது செத்துப்போகவில்லை. இன்னொரு புரோகிராம் வேலையை முடிப்பதற்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். கொன்றதோடு நிற்காமல், மிச்சத்தைத் தான் நினைத்தபடி கையால் நிரப்பியும் வைத்தார். அதைச் சரிசெய்ய நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் உட்கார வேண்டியிருந்தது. நிறுத்தியதைக்கூட மன்னித்துவிடலாம், கையால் நிரப்பியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று அன்றைக்கு அவரிடம் சண்டை போட்டேன். அப்போதெல்லாம் எனக்குச் சண்டை போட வாய் இருந்தது.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. காலேஜில் முதல் வருஷம் உன் புரோகிராமை என் லேப்டாப்பில் ஓடவிட்டு, அய்யோம்மா, பத்து நிமிஷம் எடுக்குது, நான் வேற குரூப்புக்கே மாறிடறேன் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாயே, அது நினைவிருக்கிறதா? ஓட்டிப் பார்த்தால் அது முதல் வரியிலேயே பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நீ அதை ஓடவிட்டுவிட்டு தோசை சாப்பிடப் போய்விட்டாய். வந்து பெயரைத் தட்டியதும் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்திருக்கிறது. நீ தோசை தின்ற நேரத்தையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டு அழுதாய். உன் அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. லேத் பட்டறைச் சத்தத்தில் பாதிக் காது போன மனுஷர், அவருக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு இது வந்தது. டாக்டர் உன்னிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். மூளையில் யோசிக்கிற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, புரிந்துகொள்கிற இடத்துக்கும் ஆகவில்லை, வார்த்தையை வாயில் உருட்டி வெளியே தள்ளுகிற உத்தரவு மட்டும் வழி தவறிப் போகிறது என்றார். வார்த்தை என்னிடம் தயாராக இருக்கும். உதட்டை எங்கே வைப்பது, நாக்கை எங்கே தொடுவது என்று தேடி அது வெளியே வருவதற்குள் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார். முன்பெல்லாம் மூச்சு விடாமல் பேசுகிறவள் நான், தெருவில் கார்ப்பரேஷன் தண்ணீர் லாரிக்காரன்கூட என்னைப் பார்த்தால் முதலில் நம் குடத்தைத்தான் நிரப்புவான். அப்படிப்பட்டவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற அந்தப் பெண் குடைப் படத்தைக் காட்டிவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்குவாள். நான் குடை என்று சொன்னதும் மறுபடி அமுக்குவாள். அந்த வாட்சைப் பார்த்தாலே எனக்கு இன்னும் தாமதமாகும். அவள் அளப்பது என் நாக்கைத்தான், அது அவள் வேலை, அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நீ என் தலைக்கு மேலாக அவளிடம், "அம்மாவுக்கு நாம பேசறது புரியுதா?" என்று கேட்டாய் பார், அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அவள், "எல்லாம் புரியுது சார், சொல்லத்தான் லேட்டாகுது" என்றாள். நீ தலையை ஆட்டினாய். மறுநாளிலிருந்து சின்னக் குழந்தையிடம் பேசுவது மாதிரி சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தாய். காது கேட்காதவர் உன் அப்பா, கண்ணு. எனக்கு நன்றாகக் கேட்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, மண்டபம் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு நந்தினியின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்மந்திம்மா, ஒண்ணு கேக்கணும். பாப்பாவுக்கு அயர்லாந்துல ரெண்டு வருஷத்துக்கு வேலை வந்திருக்கு. இங்க ஐசியூல நர்ஸா இத்தன நாள் கஷ்டப்பட்டதுக்குக் கெடச்சது. கல்யாணம் ஆன கையோட அனுப்பறதுல உங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லியே? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எங்களுக்கு நிம்மதி" என்றார். உன்னைக் கேட்கவில்லை, உன் அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். நம் வீட்டில் சபையில் பேசுவது என் இலாகா என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அவர் கேட்டு முடிக்கும்போதே பதில் என்னிடம் இருந்தது. நாக்குதான் இடம் தேடிக்கொண்டிருந்தது. இப்போதைய மெஷின்களில் ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும் இல்லையா, அன்று அந்த சோபாவில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு பக்கம் முதல் எழுத்துக்கு உதட்டைச் சேர்க்கப் பார்க்கிறேன், இன்னொரு பக்கம் அந்தப் பெண் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதைப் பார்க்கிறேன், அங்கே குளிருமே, இவளிடம் நல்ல ஸ்வெட்டர் இருக்கிறதா என்றுகூட நினைக்கிறேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நீ மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்தாய்.

"அம்மாவுக்கு அதுல அவ்ளோ இஷ்டம் இல்ல மாமா. வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. நந்தினி இங்கயே இருந்தா நல்லா இருக்கும்னு நெனக்கிறாங்க." நீ இதைச் சொன்னது எத்தனை இயல்பாக இருந்தது என்றால், ஒரு கணம் நானே அப்படிச் சொல்லிவிட்டேனோ என்று இருந்தது. அவர், "பரவால்ல, பரவால்ல, பெரியவங்க மனசு முக்கியம்" என்றார். நந்தினியின் அம்மா எழுந்து காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் உன் கையைப் பிடித்தேன். நீ அதைத் தடவிக் கொடுத்து, "டயர்டா இருக்காங்க, கெளம்பறோம்" என்றாய். மேஜையை ஓங்கித் தட்டினேன், அது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும், "பாத்ரூம் போகணுமாம்மா?" என்று கேட்டாய். காரில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா முன்சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். டீ ஆறிப் போய், தெருவிளக்கு எரிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்கு எல்லாம் கேட்டது.

என் நாக்குக்காக நீ சங்கடப்பட்டாய் என்றுதான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சபையில் அம்மா திக்கித் தடுமாறுவதைப் பிள்ளையால் பார்க்க முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் போன மாதம் நீ சமையலறையில் உன் அப்பாவிடம் பேசியது நினைவுக்கு வந்தது. "வீட்ல ஒரு நர்ஸ் இருந்தா அம்மாவுக்கு எவ்ளோ நல்லது. இன்னொரு தடவ எதனா வந்தா நாம இன்னா பண்ணுவோம்?" என்றாய். நான் ஹாலில்தான் இருந்தேன். அன்றைக்கு அதை நீ பாசத்தில் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். பாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன வாக்கியம் என்னுடையது இல்லை, அது உன்னுடையது. சீனிவாசன் செய்த வேலையைத்தான் நீயும் செய்தாய். நான் நின்றுபோய்விட்டேன் என்று முடிவு கட்டி நிறுத்தினாய். நிறுத்திவிட்டு மிச்சத்தை உனக்குத் தோன்றியதை வைத்து நிரப்பினாய். உன் பயத்தை என் கணக்கில் எழுதிவிட்டாய்.

அதனால் நேற்று நானே கிளம்பிப் போனேன். தனியாகத்தான், திட்டாதே. மெயின் ரோட்டில் முதல் ஆட்டோக்காரர், "எல்லி ஹோகபேகு அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். எங்கே போக வேண்டும் என்று நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ஆட்டோ வருவதற்கு முன்பே போனில் பெரிய எழுத்தில் பிரேசர் டவுன் என்று அடித்து நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே கை காட்டி ஏறி உட்காரச் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. நந்தினிக்கு அன்று இரவு டியூட்டி, பகலில் வீட்டில் இருப்பாள் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருந்தாய். கதவைத் திறந்தவள் பயந்துபோய், "அத்தே, என்ன ஆச்சு? அவருக்கு எதனா…" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பிறகு எனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனைத் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலையாட்டவில்லை, உதட்டைப் பார்க்கவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரியும் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தாள்.

"போய்ட்டு வா" என்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது, அந்த அறையில் யாரும் அளக்கவில்லை.

அவள் போனை எடுத்து எனக்குக் காட்டினாள். வர முடியாது என்று அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்திருந்த மெயில், இன்னும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "அப்ப ஞாயித்துக்கெழம சொன்னது?" என்று கேட்டாள். "நான் சொல்லல" என்றேன். இதுவும் நேரம் பிடித்தது. "அவரு சொன்னாரு, நீங்க ஆசப்படறீங்கன்னு. அதான் அத்தே நான் விட்டுடலாம்னு நெனச்சேன். உங்களுக்காகத்தான். அப்ப இதுல யாரோட ஆசை இருக்கு?" என்று கேட்டாள். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். உன் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு தடுமாறுவதே இல்லை, உனக்கே தெரியும், பயிற்சிக்கு வருகிற பெண்கூட அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். ஆனால் சொல்லவில்லை. என் வாயிலிருந்து நீ பிடுங்கியதை உன் வாயிலிருந்து நான் பிடுங்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அவள் என்னை ஆட்டோ வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

நான் உன்னை வெறுக்கவில்லை, கண்ணு. உன் பயம் எனக்கும் இருக்கிறது. இன்னொரு முறை வந்தால் இந்த விரல்களும் போகலாம், புத்தியும் போகலாம். ராத்திரி கால் மரத்துப்போனாலே எழுந்து உட்கார்ந்து என் பெயரை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அப்படி ஒரு நாள் வந்தால், எனக்காக நீ பேசத்தான் வேண்டும், அதற்கு இப்போதே உனக்கு அனுமதி கொடுக்கிறேன். அப்போது என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு உன் அப்பாவும் நானும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். அதற்காக ஒரு பெண்ணை அவள் சம்மதம் கேட்காமல், என் பெயரைச் சொல்லிப் பிடித்து வைக்காதே. அப்படிப் பிடித்து வைத்தால் அவள் எனக்கு ஊட்டுகிற ஒவ்வொரு கவளமும் என் தொண்டையில் நிற்கும். நீ உண்மையில் அவளிடம், நீ போகாதே, எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல். அது கேட்கத் தகுந்த பேச்சுதான். அவள் போகவும் போகலாம், இருக்கவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உன் பேச்சைக் கேட்டு முடிவு செய்தவளாக இருப்பாள்.

இன்று சாயங்காலம் டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் உனக்கு போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். போகட்டுமா வேண்டாமா என்று கேட்க மாட்டாள். அன்றைக்குப் பேசியது யார் என்றுதான் கேட்பாள். உனக்கு உடனே பதில் வராது. நல்ல வார்த்தையாகத் தேடுவாய், ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் என் உடம்பைப் பற்றி எதையாவது சொல்லித் தப்பித்துவிடாதே. அவள் போனை வைத்துவிட மாட்டாள், எவ்வளவு நேரமானாலும் இருப்பாள், நேற்று நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீ எதைச் சொன்னாலும் சரி, உன் பெயரில் சொல்.

அம்மா